ப்ளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ்: புதிதாகச் சேருபவர்களுக்கு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, எந்த குரூப் என்பதுதான். கம்ப்யூட்டர் பக்கம் போக ஆசைப்படும் பிள்ளைகளும், சேர்க்க அலையும் பெற்றோரும் அந்த ஒரு கேள்வியிலேயே மொத்தத் தெம்பையும் செலவழித்துவிடுகிறார்கள். சேர்ந்த பிறகு அந்த இரண்டு வருடத்தில் என்ன செய்வது என்று சொல்ல ஆள் இருப்பதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தை வைத்து எழுதியிருந்தாலும், சிபிஎஸ்இ மாணவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் குரூப் கதையை முடித்துவிடுவோம்

மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி சார்ந்த பாடங்கள் மூன்று. கணிதம், இயற்பியல், வேதியியலோடு சேர்ந்து வருவது கணினி அறிவியல். வணிகவியல், கணக்குப்பதிவியல் குரூப்பில் வருவது கணினிப் பயன்பாடுகள். தொழிற்கல்விப் பிரிவில் இருப்பது கணினித் தொழில்நுட்பம். பள்ளி விளம்பரப் பலகையில் எல்லாவற்றையும் 'கம்ப்யூட்டர் குரூப்' என்றே எழுதியிருப்பார்கள். அட்மிஷன் போடும்போது எந்தப் பாடம் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பொறியியல் படிக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் உள்ள குரூப்தான். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கான டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க் அந்த 200-க்குள் வராது. இதைப் பல பெற்றோர் ப்ளஸ் டூ முடிந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். இதே காரணத்தால் பயோ-மேத்ஸ் குரூப் எடுத்தவரும் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸில் தாராளமாகச் சேரலாம். மருத்துவத்தின் மீதும் ஒரு கண் இருக்கிறது, கம்ப்யூட்டரும் பிடிக்கிறது என்றால் பயோ-மேத்ஸ் எடுத்துவிட்டு நிரல் (புரோகிராம்) எழுதுவதைத் தனியாகக் கற்றுக்கொள்ளலாம். கதவு எதுவும் மூடாது.

வணிகவியலோடு கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர்களைச் சிலர் குறைவாகப் பேசுவார்கள். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி எல்லாம் அந்தப் பாடத்தில் இருக்கின்றன. ஒரு இணையதளத்தை நீங்களே கட்டி எழுப்பலாம். பி.சி.ஏ., அப்புறம் எம்.சி.ஏ. என்று போகும் வழியும் உண்டு. பொறியியல் கலந்தாய்வுதான் இருக்காது.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு கணினிப் பொறியியல் டிப்ளமோ சேருவது இன்னொரு வழி. அதை முடித்தவர்கள் பி.இ.-யில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கையால் செய்து பார்த்துக் கற்பதில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு இது நல்ல வழி. மார்க் குறைந்தவர்கள் போகும் இடம் என்ற பார்வையால் பல குடும்பங்கள் இதை யோசிப்பதுகூட இல்லை என்பது வருத்தம்.

கட்-ஆஃபில் வராத பாடத்தை ஏன் ஒழுங்காகப் படிக்க வேண்டும்?

கட்-ஆஃபில் சேராது என்று தெரிந்ததும் பல இடங்களில் இந்தப் பாடம் மனப்பாடத்துக்கு இறங்கிவிடுகிறது. புக்-பேக் கேள்விகள், போன வருடக் கேள்வித்தாள், ரெக்கார்டு நோட்டில் பார்த்து எழுதிய நிரல். அதில் சென்டமும் வாங்கிவிடலாம். ஆனால் கல்லூரி முதல் செமஸ்டரில் சொந்தமாகப் பத்து வரி நிரல் எழுதச் சொன்னால் கை நின்றுவிடும்.

கட்-ஆஃப் அழுத்தம் இல்லாத பாடம் என்பதாலேயே இதில் நிதானமாக, தப்பு செய்து, ஆசையோடு கற்றுக்கொள்ள முடியும். மார்க் எப்படியும் வரும். இந்த இரண்டு வருடத்தில் உங்கள் இலக்கு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: ஒரு கணக்கைக் கொடுத்தால், யாரையும் பார்க்காமல், அதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டும்.

ப்ளஸ் ஒன்: தள்ளிவிடக் கூடாத வருடம்

2025-26 கல்வியாண்டிலிருந்து ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. பிள்ளைகளின் பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் ப்ளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு முடித்துவிட்டு ப்ளஸ் டூ புத்தகத்தை எடுத்துவிடும் பழக்கம் நம்மூரில் முன்பே இருந்தது. உங்கள் பள்ளி அப்படிச் செய்தாலும் நீங்கள் ப்ளஸ் ஒன் புத்தகத்தை விட்டுவிடாதீர்கள். கணினியின் அடிப்படை முழுக்க அதில்தான் இருக்கிறது.

2018-19-ல் வந்த பாடத்திட்டத்தில் ப்ளஸ் ஒன் கணினி அறிவியல் எண் முறைகள், கணினி அமைப்பு, இயக்க அமைப்பு என்று தொடங்கி, நெறிமுறைகளுக்குப் (அல்காரிதம்) போய், சி++ மொழிக்கு வருகிறது. ப்ளஸ் டூவில் பைதான் மொழியும், தரவுத்தளத்துக்கான எஸ்கியூஎல்லும். இதில் யோசிக்க வைக்கும் பகுதிகளுக்கு நேரம் கொடுங்கள். பெயரும் விளக்கமும் மட்டும் உள்ள பாடங்களைப் பரீட்சைக்கு முன் பார்த்துக்கொள்ளலாம்.

எண் முறைகளில் ஆரம்பியுங்கள். 13 என்பது 8 + 4 + 1, ஆகவே இருமத்தில் (பைனரி) 1101. இதைக் காகிதத்தில் போடப் பழகிய பிறகு குறை எண்களுக்கு வாருங்கள். எட்டு பிட்டில், அதாவது எட்டு இரும இலக்கத்தில், 5 என்பது 00000101. பூஜ்யத்தை ஒன்றாகவும் ஒன்றைப் பூஜ்யமாகவும் மாற்றினால் 11111010. அதோடு 1 கூட்டினால் 11111011. அதுதான் மைனஸ் 5. ஏன் இப்படிச் சுற்றிவளைத்து எழுதுகிறார்கள்? 00000101-ஐயும் 11111011-ஐயும் கூட்டிப் பாருங்கள். ஒன்பதாவதாக வரும் 1 எட்டு பிட்டுக்கு வெளியே விழுந்துவிடும். மிச்சம் எட்டுப் பூஜ்யங்கள். கழிப்பதற்கென்று தனி மின்சுற்று இல்லாமல், கூட்டும் மின்சுற்றை வைத்தே கணினி கழித்துவிடுகிறது. புத்தகத்தில் இரண்டு மார்க் கேள்வியாக வரும் இந்த விஷயம் உண்மையில் ஒரு பொறியியல் முடிவு.

நிரல் எழுதப் பழகும் முறை

கணினி முன்னால் உட்காருவதற்கு முன் காகிதத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆசிரியர்கள் 'டிரேஸ் போடு' என்று சொல்வது இதைத்தான். ஒரு எண்ணின் இலக்கங்களைக் கூட்டும் நிரலை எடுத்துக்கொள்வோம். எண் 472. பத்தால் வகுத்தால் மீதி 2, கூட்டுத்தொகை 2. எண்ணைப் பத்தால் வகுத்து முழுஎண் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டால் 47. மறுபடி மீதி 7, கூட்டுத்தொகை 9, எண் 4. மறுபடி மீதி 4, கூட்டுத்தொகை 13, எண் 0. பூஜ்யம் வந்ததும் மடக்கு (லூப்) நிற்கிறது. நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டு, எண், மீதி, கூட்டுத்தொகை என்று வரிசையாக எழுதுங்கள். மடக்கு என்றால் என்ன என்பது இந்த அட்டவணையை ஒருமுறை கையால் போட்டவருக்கு மறக்காது.

இப்போது இதையே சி++-ல் எழுதினால், முழுஎண் வகையில் ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தாலே 47 கிடைக்கும். ப்ளஸ் டூ வந்து பைதானில் அதே ஒற்றைச் சாய்கோட்டைப் போட்டால் கிடைப்பது 47.2. அப்புறம் 4.72, 0.472 என்று எண் தேய்ந்துகொண்டே போகும். பூஜ்யத்தைத் தொட முந்நூறு சுற்றுக்கு மேல் ஆகும். கடைசியில் 13 வர வேண்டிய இடத்தில் 14.44 என்று ஆரம்பிக்கும் ஒரு நீளமான தசம எண் வந்து நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. பைதானில் முழுஎண் வகுத்தலுக்கு இரட்டைச் சாய்கோடு வேண்டும். வேண்டுமென்றே ஒருமுறை ஒற்றைச் சாய்கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணை அச்சிடச் சொல்லி. இந்த மாதிரித் தப்புகளைத் தேடிப் பிடித்துச் செய்து பார்ப்பதுதான் சரியான பயிற்சி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புதிதாகப் பைதான் பழகுகிற எல்லோரும் மாட்டுகிற இன்னொரு இடம், இன்புட். பயனரிடமிருந்து 2, 3 என்று இரண்டு எண் வாங்கிக் கூட்டினால் 23 என்று காட்டும். இன்புட் கொண்டுவருவது எப்போதும் சரம், அதாவது எழுத்துத் தொடர். எண்ணாக மாற்றிய பிறகுதான் கூட்ட வேண்டும்.

பிழைச்செய்தி வந்தால் பதறாமல் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன வகைப் பிழை என்று அங்கே இருக்கும், எந்த வரியில் என்பது அதற்கு மேலே இருக்கும். நேம் எரர் என்றால் பெயரை எழுத்துப்பிழையோடு அடித்திருப்பீர்கள், அல்லது மதிப்புக் கொடுக்காமல் பயன்படுத்தியிருப்பீர்கள். இன்டென்டேஷன் எரர் என்றால் வரியின் தொடக்க இடைவெளி சரியில்லை. தமிழ்வழி மாணவர்கள் இதற்கென ஒரு சின்ன நோட்டுப் போட்டு, பாடநூலின் கலைச்சொல்லையும் திரையில் வரும் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வந்தால், சில மாதங்களில் செய்திகள் பழகிவிடும்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால்

பெரும்பாலான பிள்ளைகளின் நிலைமை இதுதான். இதற்காக யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. பைதானுக்கு ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு 3 என்ற செயலி போதும். இணைய வசதி இருந்தால் கூகுள் கோலாப்-ஐ பிரவுசரிலேயே திறந்து ஓட்டலாம். போன் கீபோர்டில் அடிப்பது சிரமம், உண்மைதான். அதனால் நிரலைக் காகிதத்தில் எழுதி, டிரேஸ் போட்டு, சரி என்று தெரிந்த பிறகு அடியுங்கள். நேரமும் மிச்சமாகும், பரீட்சையிலும் கையால்தானே எழுதப் போகிறோம்.

பள்ளி லேப் நேரத்தை வீணாக்காதீர்கள். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்துவிட்டன. லேப் பீரியடுக்கு என்ன செய்யப் போகிறோம் என்று முந்தைய இரவே எழுதி எடுத்துப் போனால், கிடைக்கும் நாற்பது நிமிடம் முழுவதும் உங்களுடையது. ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர் உட்கார வேண்டியிருந்தால், ஒருவர் அடிக்க, ஒருவர் வாசிக்க, ஒருவர் பிழை பார்க்க என்று முறை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவரே எப்போதும் அடிப்பதும், மற்ற இருவர் வேடிக்கை பார்ப்பதும்தான் எல்லா லேபிலும் நடக்கிறது. பெரும்பாலும் வேடிக்கை பார்ப்பவர்களாக ஆகிவிடுவது பெண் பிள்ளைகள். ஆசிரியர்கள் இதைக் கவனித்து மாற்ற வேண்டும்.

தமிழில் கற்கவும் வழி இருக்கிறது. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ், பைதான், சி++ பாடங்கள் தமிழ்க் குரலில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணியம் தளத்தில் கட்டற்ற மென்பொருள் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் ஏராளம். ஆங்கிலம் கைகொடுக்கும் என்றால், சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் பைதானில் நெறிமுறைகள் பற்றி நடத்திய பாடம் என்பிடெல் என்ற இலவச இணையப் பாடத் தளத்தில் இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கானது, ஆனால் முதல் சில வாரங்கள் ப்ளஸ் டூ மாணவருக்கும் புரியும். மூன்றையும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். ஒன்றை எடுத்து முடியுங்கள்.

ப்ளஸ் ஒன் புத்தகத்தின் கடைசியில் தமிழ்க் கணிமை என்று ஒரு பாடம் இருக்கிறது. வகுப்பில் பெரும்பாலும் வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். பைதானில் அதைச் செய்து பாருங்கள். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை லென் கொண்டு கேட்டால் 5 என்று வரும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். 'அ' என்ற எழுத்தின் எண் 2949. புத்தகத்தில் உள்ள சரத்தைத் திருப்பிப் போடும் நிரலில் ஆங்கிலப் பெயருக்குப் பதிலாக 'தமிழ்' என்று கொடுத்தால், புள்ளி முன்னால் வந்து சொல் உடைந்துவிடும். அப்படி உடையாமல் தமிழ்ச் சொல்லைத் திருப்பும் ஒரு நிரலை எழுதிப் பாருங்கள். ப்ளஸ் டூ மாணவருக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் எனக்குத் தெரிந்து இல்லை. பின்னால் தமிழ்த் தேடுபொறி, பிழைதிருத்தி என்று போக நினைப்பவருக்கு இதுதான் முதல் படி.

கணினிப் பொறியியல் பக்கம்

நிரலைவிட, உள்ளே என்ன நடக்கிறது என்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ப்ளஸ் டூ இயற்பியலின் குறைகடத்திப் பாடம் மிக முக்கியம். டையோடு, டிரான்சிஸ்டர், தருக்கக் கதவுகள் (லாஜிக் கேட்) எல்லாம் அங்கேதான். கம்ப்யூட்டர் புத்தகத்திலும் கதவுகள் வரும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

செய்து பார்க்க ஆசை இருந்தால் இரண்டு பிட்டைக் கூட்டும் மின்சுற்றான அரைக்கூட்டி, அதாவது ஹாஃப் ஆடர், ஒன்றைக் கட்டலாம். ஒரு பிரெட்போர்டு (பற்றவைக்காமல் சுற்றுக் கட்டும் பலகை), 7486 என்ற எக்ஸார் ஐசி, 7408 என்ற ஆண்ட் ஐசி, இரண்டு எல்இடி, அவற்றுக்கு 330 ஓம் மின்தடை, 5 வோல்ட். இரண்டு ஐசியிலும் 14-வது கால் மின்சாரத்துக்கு, 7-வது கால் கிரவுண்டுக்கு. இரண்டு உள்ளீட்டையும் 1 ஆக்கினால் கூட்டலுக்கான எல்இடி அணைந்து, கேரிக்கான எல்இடி எரியும். 1 + 1 = 10 என்று காகிதத்தில் போட்ட கணக்கு வெளிச்சமாகத் தெரியும். சென்னையில் இருப்பவர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது. வாங்க வசதி இல்லையென்றால் டிங்கர்கேட் தளத்தில் இதே சுற்றை இலவசமாகக் கட்டி ஓட்டலாம். உங்கள் பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரைக்கானது அது.

அடுத்து ஆர்டுவினோ ஊனோ ஆர்3, நிரல் ஏற்றி ஓட்டும் சின்னச் சுற்றுப்பலகை. அதற்கான நிரலும் சி++ தான், ஆகவே ப்ளஸ் ஒன்னில் படித்தது நேராக உதவும். அதில் முழுஎண் வகை 16 பிட் மட்டுமே. 32767-ஐத் தாண்டினால் மைனஸ் 32768-க்குத் தாவிவிடும். எண் முறைகளில் படித்த குறை எண் பாடம் அங்கே கண்ணெதிரே நடக்கும்.

கணிதத்தை விட்டால் எல்லாம் போச்சு

கட்-ஆஃபில் பாதி கணிதம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்கள் திணறுவது பெரும்பாலும் கணிதத்தில்தான். ப்ளஸ் ஒன்னில் கணங்கள், சேர்மானவியல், கணிதத் தொகுத்தறிதல். ப்ளஸ் டூவில் அணிகள், நிகழ்தகவு, கடைசிப் பாடமான தனிநிலைக் கணிதம். இவை நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகிறவை. தனிநிலைக் கணிதம் கடைசிப் பாடம் என்பதால் அவசரமாக முடிக்கப்படுகிறது. அதில் வரும் உண்மை அட்டவணைகளும் நீங்கள் பிரெட்போர்டில் கட்டிய கதவுகளும் ஒன்றே என்று பார்த்துவிட்டால் அந்தப் பாடம் ஒரு நாளில் வந்துவிடும்.

மார்க் விஷயம்

எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுபதில் ஒரு மார்க் கேள்வி 15, இரண்டு மார்க்கில் ஆறு, மூன்று மார்க்கில் ஆறு, ஐந்து மார்க்கில் ஐந்து. சென்டம் கைநழுவுவது ஒரு மார்க் கேள்விகளில். பாடத்தின் உள்ளே இருந்து வரும் கேள்விகளுக்கும் தயாராக இருங்கள். செய்முறைக்கு ரெக்கார்டு நோட்டை அன்றன்றே எழுதிவிடுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு நிரலையும் ஒருமுறையாவது பார்க்காமல் அடித்து ஓட்டியிருந்தால் எக்ஸ்டர்னல் (வெளிப்பள்ளித் தேர்வாளர்) என்ன கேட்டாலும் பயமில்லை.

போட்டிகளில் ஆர்வம் இருந்தால் இந்தியக் கணிமை ஒலிம்பியாடைப் பாருங்கள். அதன் மண்டல அளவிலான எழுத்துச் சுற்றில் கணினியே கிடையாது. தாளும் பேனாவும் வைத்துப் புதிர் போன்ற கணக்குகளைப் போட வேண்டும். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. தேர்வு எழுதாவிட்டாலும் அவற்றைப் போட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி.

ப்ளஸ் டூ கடைசியில்

சான்றிதழ்களைப் பரீட்சைக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவையுங்கள்: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் முதல் பட்டதாரி நீங்கள்தான் என்றால் அதற்கான சான்றிதழ். ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. எங்கே படித்தோம் என்று வகுப்புவாரியாகக் காட்டும் சான்றைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பாதியில் பள்ளி மாறியவர்கள் பழைய பள்ளிக்கும் போக வேண்டியிருக்கும்.

கலந்தாய்வுக்கு வெளியேயும் வழி உண்டு. ஐஐடி மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரப் பாடத்தை முடித்து அவர்களே நடத்தும் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டையும் சுமக்க நேரம் இருக்கிறதா என்று யோசித்து இறங்குங்கள்.

கல்லூரி விருப்பப் பட்டியல் போடும்போது பிரிவின் பெயரில் மயங்க வேண்டாம். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி, ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் ஆகியவற்றின் முதல் இரண்டு வருடப் பாடத்தைத் தரவிறக்கி அருகருகே வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் பொதுவாக இருக்கும். பிரிவைவிடக் கல்லூரிக்கு முதலிடம் கொடுப்பதே என் யோசனை. இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. அதை எடுத்துப் பாருங்கள், முடிந்தால் அந்தக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம் பேசுங்கள். லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பேர், மாலையில் லேப் திறந்திருக்குமா, இந்த இரண்டையும் கேட்க மறக்காதீர்கள்.